மாமியாருக்குப் பவுடர் டப்பாவா, முட்டையா?



போன மாதம் நம்ம பக்கத்து ஊராட்சியில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வாங்கி, நோட்டு எழுதி, கடன் கேட்பவர்கள் கேட்கலாம் என்று ஊக்குநர் சொன்னார். ஒரு அக்கா எழுந்து, "எனக்கு நாலாயிரம் வேணுமுங்க" என்றார். எதற்கு என்று கேட்டால், மாமியாருக்குப் புரோட்டீன் பவுடர் வாங்கவாம். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, "வயசானா சதை கரைஞ்சு போயிரும், இதை ரெண்டு வேளை பால்ல கலக்கிக் குடுங்க, ஆறு டப்பா குடிச்சா அம்மா தானா எந்திரிச்சு நடப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவர் தறிக்குப் போகிறவர். மாமியார் திண்ணையை விட்டு எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டியிருப்பதால் ஒரு ஷிப்டுதான் போக முடிகிறது. இரண்டு ஷிப்டு போனால் கடனை அடைத்துவிடலாம், அதற்கு மாமியார் எழுந்து நடக்க வேண்டும், அதற்குப் பவுடர் வேண்டும். இதுதான் அவர் போட்ட கணக்கு.

குழுவில் யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை. மறுத்தால் பெரியவங்களைப் பார்க்கக் கூடாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆனால் நாலாயிரம் ரூபாய் லேசான தொகையும் இல்லை. அந்தக் கூட்டத்தில் முடிவு எடுக்காமல், விசாரித்துச் சொல்கிறோம் என்று தள்ளி வைத்தார்கள். விசாரித்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். இந்தக் கேள்வி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

சதை கரைவது உண்மைதானா?

உண்மைதான். பவுடர் விற்க வந்தவர் அதில் பொய் சொல்லவில்லை. நாற்பது வயதுக்கு மேல் நம் உடம்பில் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகமாகக் குறைகிறது. அளவு குறைவதைவிட வலு குறைவது இன்னும் வேகம். கை கால் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் தண்ணிக் குடத்தைத் தூக்க முடியாது. ஆடிப் பதினெட்டுக்குச் சங்ககிரி மலைக்கோட்டை ஏறி வந்தவங்க, இன்று வீட்டு வாசப்படி ஏற நிலையைப் பிடிக்கிறாங்க. "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுகிறோம். டாக்டர்கள் இதற்கு ஒரு பேரே வைத்திருக்கிறார்கள்: சார்கோபீனியா. 1989-ல் அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் வைத்த பேர் இது. தர்மபுரி மாவட்டத்தில் நம் மாநிலத்தின் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கியதும் அதே 1989-ல்தான். அப்போது குழுவில் சேர்ந்த முப்பது வயதுப் பெண்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அதனால் இது மாமியார் சங்கதி மட்டும் இல்லை, நம்ம சங்கதியும்தான்.

படுக்கையில் கிடந்தால் சதை இன்னும் சீக்கிரம் போகும். 2007-ல் வந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சியில், நல்ல ஆரோக்கியமாக இருந்த 12 பெரியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போய்விட்டது. நோய் இல்லாதவர்களுக்கே இந்தக் கதி. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மாயியை "நீங்க அசையாம படுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று பாசத்தோடு சொல்கிறோமே, அது எவ்வளவு கெடுதல் என்று யோசித்துப் பாருங்கள். டாக்டர் படுக்கச் சொன்னால் படுக்க வேண்டியதுதான். சொல்லாவிட்டால், தாங்கிப் பிடித்தாவது தினமும் நாலு நடை நடக்க வைக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்

ஆசிய நாட்டு வல்லுநர்கள் 2019-ல் சில எளிய அளவுகளைச் சொன்னார்கள். ஸ்கேன் எதுவும் வேண்டாம், தையல் டேப்பும் கடிகாரமும் போதும்.

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார வையுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், அல்லது கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால், கால் வலு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது கெண்டைக்கால். தடிமனான இடத்தில் டேப்பைச் சுற்றி அளந்தால் பெண்களுக்கு 33 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. நடையையும் பார்க்கலாம். 6 மீட்டர், அதாவது சுமார் இருபது அடி தூரத்தை, வழக்கமான நடையில் 6 நொடிக்குள் கடக்க வேண்டும். இதெல்லாம் குறைவாக இருந்தால் நோய் உறுதி ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். டாக்டரிடம் காட்ட இது ஒரு காரணம், அவ்வளவுதான்.

நம் பெரியவர்கள் தட்டில் என்ன இருக்கிறது?

தசைக்கு மூலப்பொருள் புரதம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்குப்படி, பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும். 2013-ல் பல நாட்டு முதியோர் மருத்துவ வல்லுநர்கள் கூடி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது போதாது, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்றார்கள். வயதாக ஆக, சாப்பிட்ட புரதத்தைத் தசையாக மாற்றும் திறன் மந்தமாகிறது. பழைய மோட்டார் அதே கரண்டில் தண்ணி குறைவாக எடுக்கிற மாதிரி. ஆக, 50 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு நாளுக்கு 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது நிஜமாக அவர் சாப்பிடுவதைக் கூட்டிப் பார்த்தோம். காலையில் இரண்டு இட்லி, 4 கிராம். மதியம் நூறு கிராம் அரிசிச் சோறு, 7. ரசம், பொரியல் எல்லாம் சேர்த்து 2. நாள் முழுக்கக் குடிக்கிற டீயில் இருக்கும் பால் 150 மில்லி, அதில் 5. ஒரு டம்ளர் மோர் 2. ராத்திரி கொஞ்சம் சோறு 4. மொத்தம் 24 கிராம். வேண்டியதில் பாதிகூட இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, ஆனால் தசைக்குப் போவது அரைக்கூலி.

இந்தப் பாதிக்குறை சும்மா வந்ததில்லை. நாமக்கல் நமக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. இந்தியாவிலேயே முட்டைக்குப் பேர் போன ஊர், வளைகுடா நாடுகள் வரைக்கும் முட்டை போகிறது. 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-ல் குழந்தைகளுக்கு முட்டை வந்தது, 2010-ல் அது வாரம் ஐந்து நாள் ஆனது. 1983-லேயே உதவித்தொகை பெறும் முதியவர்களையும் சத்துணவில் சேர்த்த மாநிலம் நம்முடையது. இருந்தும் வீட்டில் என்ன நடக்கிறது? முட்டை வேகவைத்தால் பேரனுக்கு ஒன்று, வேலைக்குப் போகிற மகனுக்கு ஒன்று. பாட்டி தட்டில் வைத்தாலும், "எனக்கு எதுக்கு கண்ணு, நான் என்ன ஏர் ஓட்டப் போறேனா, பையனுக்குக் குடு" என்று எடுத்து வைத்துவிடுவார். அதுவும் வீட்டுக்காரர் இறந்துபோன அம்மாக்கள் தங்களுக்கென்று ஒரு டம்ளர் பால் கேட்கக்கூட யோசிக்கிறார்கள். நாமும் இரண்டாம் தடவை சொல்வதில்லை. கணக்கில் வராத இந்தச் சிக்கனம்தான் பின்னால் நம் ஷிப்டுக் கூலியைத் தின்கிறது.

டப்பாக் கணக்கு

அந்த அக்காவின் வீட்டுக்கு வந்த டப்பாவைப் போலவே, 400 கிராம், விலை எழுநூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் பொடி எழுத்தில் 100 கிராமில் புரதம் 32 கிராம் என்று போட்டிருந்தால், முழு டப்பாவில் இருப்பது 128 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 128 கிராம் புரதம் 21 முட்டையில் கிடைத்துவிடும். முட்டை ஒன்று 7 ரூபாய் என்றே வைத்தாலும் 147 ரூபாய். நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம், அரைக்கிலோ கடலையில் 125 கிராம். கிலோ 150 ரூபாய் என்றால் 75 ரூபாய்க்கு வேலை முடிந்தது. ரேஷன் கடையில் சிறப்பு விநியோகத்தில் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பில் 220 கிராமுக்கு மேல் இருக்கிறது. டப்பாவில் வைட்டமின்களும் கலந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாம் காசு கொடுப்பது புரதத்துக்காக.

சில டப்பாக்களில் புரதம் பத்துக் கிராம்கூட இருக்காது, மீதி மாவும் சர்க்கரையும்தான். பேரில் "சத்து" என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாமல் பின்பக்கத்தைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

எழுதியிருப்பது அப்படியே உள்ளே இருக்கிறதா என்பது வேறு கேள்வி. கேரளத்தைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் ஒருவரும் அவர் குழுவினரும் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஏழு பவுடரில் டப்பாவில் எழுதிய புரதக் கணக்கு சரியாக இல்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் பூச்சிமருந்து மிச்சமும் இருந்தன. அதே 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பு தேற்றுவதற்குப் பவுடரைத் தவிர்க்கச் சொன்னது. நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு வரலாம் என்றும் எச்சரித்தது.

அப்படியானால் பவுடர் யாருக்குமே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டோம். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகி வந்தவர், பெரிய நோயில் எடை சட்டென்று இறங்கியவர், மெல்லவும் விழுங்கவும் முடியாதவர் போன்றவர்களுக்கு டாக்டரே எழுதிக் கொடுப்பார். அப்போது வாங்கத்தான் வேண்டும், குழுக் கடன் அதற்குக் கொடுப்பதில் தப்பே இல்லை. வீட்டுக்கு வந்து விற்கிறவர் சொல்வதும் டாக்டர் எழுதுவதும் ஒன்றில்லை.

குடித்தால் மட்டும் எழுந்து நடந்துவிடுவார்களா?

இதுதான் முக்கியமான இடம். 1994-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த சோதனையைச் சொல்கிறோம். நூறு பேர், சராசரி வயது 87. ஊன்றுகோல் பிடித்து நடக்கிறவர்கள், தளர்ந்து போனவர்கள். அவர்களை நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் காலுக்கு வலுக் கூட்டும் பயிற்சி. ஒரு பிரிவுக்குச் சத்துப் பானம். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களின் கால் வலு இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. நடை வேகமும் படி ஏறும் வலுவும் கூடியிருந்தன. பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலுவில் சொல்லும்படி மாற்றமே இல்லை.

87 வயதில்! அதைப் படித்தபோது எங்களுக்கே நம்ப முடியவில்லை. செங்கல்லும் சிமெண்டும் வாசலில் இறக்கி வைத்துவிட்டால் சுவர் தானாக எழும்புமா? கொத்தனார் வர வேண்டும். இங்கே கொத்தனார் வேலையைச் செய்வது பயிற்சிதான். செங்கல் இல்லாமல் கொத்தனார் மட்டும் வந்தாலும் பிரயோசனம் இல்லை, அதனால் சாப்பாடும் வேண்டும்.

பயிற்சி என்றதும் மெஷின் எதுவும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே பயிற்சியாகச் செய்யலாம். முதல் வாரம் கையை ஊன்றி ஐந்து தடவை, பழகியபின் எட்டு, பத்து, பிறகு கையை ஊன்றாமல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்கலாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மடக்கி நீட்டலாம். வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். எளிதாக வருகிறது என்றால் கொஞ்சம் கூட்ட வேண்டும், அதே அளவில் நின்றுவிட்டால் வலுவும் அங்கேயே நின்றுவிடும். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்குதல் உள்ளவர்களும் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் சேர்க்கப்பட்டது. அதற்குத் தன்னார்வலர்களாக எடுத்ததும் நம்ம குழுப் பெண்களைத்தான். வீட்டில் எழ முடியாத பெரியவர் இருந்தால் மாத்திரை வாங்குவதோடு விட்டுவிடாமல், "பிசியோ டாக்டர் எப்போ வருவாங்க?" என்று தன்னார்வலரிடம் கேளுங்கள். கேட்காததால் கிடைக்காமல் போகிற வீடுகள் நிறைய.

சமையலில் செய்யக்கூடியது

மேலே 24 கிராம் என்று பார்த்தோமே, அதோடு காலையில் ஒரு முட்டை 6, மதியம் 30 கிராம் பருப்பு 7, சாயங்காலம் ஒரு கைப்பிடி கடலை 7, ராத்திரி ஒரு டம்ளர் பால் 6 என்று சேர்த்தால் 50 கிராம் வந்துவிடும். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது நல்லது. முட்டை ஆகாதவர்களுக்குத் தயிர், பருப்பு, சோயா.

பருப்பில் நாம் செய்யும் ஒரு தவறு உண்டு. பெரியவங்களுக்குச் செரிக்காது என்று பருப்புத் தண்ணியை மட்டும் ஊற்றுகிறோம். கொள்ளு வேகவைத்த தண்ணியை ரசம் வைத்துப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுக்கு வைக்கிற வீடுகளும் நம் பக்கம் உண்டு. மாட்டுக்கு நல்ல யோகம்! தண்ணியில் வாசனை இருக்கும், புரதம் பெரும்பாலும் பருப்பிலேயே நின்றுவிடும். கொள்ளைக் கடைந்து கொடுங்கள், பச்சைப்பயறைக் கடைந்து கொடுங்கள். நம்ம அரிசிம்பருப்புச் சோறு இதற்கு ரொம்பப் பொருத்தம். அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ள ஒன்று பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. பருப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுக் குழைய வேகவிட்டால் பல் இல்லாதவர்களும் சாப்பிடுவார்கள்.

கஞ்சி குடிக்கிறவர்களுக்கு ஒரு மாவு. ராகி 400 கிராம், பொட்டுக்கடலை 300, வறுத்த பச்சைப்பயறு 200, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 100. இந்த ஒரு கிலோவில் சுமார் 165 கிராம் புரதம் இருக்கிறது. 40 கிராம் மாவை ஒரு டம்ளர் பால் விட்டுக் காய்ச்சினால் 11 கிராமுக்குக் குறையாது. கடலை சேர்ப்பதால் சீக்கிரம் சிக்குவாடை வரும், பதினைந்து நாளுக்கு ஆகிற அளவு மட்டும் அரையுங்கள். பூஞ்சை பிடித்த கடலை, கசக்கிற கடலை ஒன்றுகூடச் சேரக் கூடாது. பவுடர் டப்பாவில் கண்டுபிடித்த அதே பூஞ்சை நஞ்சு நம்ம வீட்டுக் கடலையிலும் வரும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. டயாலிசிஸ் இல்லாமல் மருந்தில் இருப்பவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பவர்களில் பலருக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பது தெரியாமலே இருக்கும். அவர்களுக்கு முட்டையோ பவுடரோ கூட்டுவதற்கு முன், அரசு ஆஸ்பத்திரியில் யூரியா, கிரியாட்டினின் பரிசோதனை செய்து டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அந்த அக்காவும் அதைத்தான் முதலில் செய்தார். ரிப்போர்ட்டில் குறை இல்லை. இப்போது வாரம் ஒரு முறை நாமக்கல் முட்டை ஒரு அட்டை வாங்குகிறார், வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துத்தான். மாமியார் தட்டில் வைக்கும் முட்டையைப் பேரனுக்கு மாற்றாமல் பார்ப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறதாம். உரித்து, சோற்றோடு பிசைந்தே கொடுத்துவிடுகிறார். காலையில் தறிக்குக் கிளம்புமுன் நாற்காலிப் பயிற்சி. ஐந்து வாரம் ஆகிறது. கையை ஊன்றித்தான் எழுகிறார், ஆனால் ஆள் பிடிக்க வேண்டியதில்லை. கடன் மனுவை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு தையல் டேப் கொண்டு வாருங்கள். ஐம்பது வயது தாண்டிய உறுப்பினர்கள் எல்லாருக்கும் கெண்டைக்கால் அளந்து நோட்டில் எழுதுவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம்.